பழைய காருக்கு எஃப்ஐ கிட் போட்டாச்சு, வண்டி சரியா ஓடலை: அடுத்த 38,000 ரூபாயைக் கொடுக்கிறதுக்கு முன்னாடி

இந்தக் கட்டுரை முழுக்க பெட்ரோல் வாசம் அடிக்கும், முன்கூட்டியே சொல்லிடறேன். எஸ்ஐபி, எச்ஆர்ஏ, புது டேக்ஸ் ரெஜீம்னு நம்ம சேனல்ல வழக்கமா பேசற எதுவும் இதுல கிடையாது. ஆனா மாசச் சம்பளத்துல இருந்து ஒரு பெரிய தொகை எப்படி தவணை தவணையா கரையுதுங்கறதுக்கு இதைவிட நல்ல உதாரணம் சமீபத்துல நான் பார்க்கலை.

விருதுநகர், சிவகாசி, சாத்தூர் பக்கம் பழைய வீடுகள்ல இன்னும் ஒரு காட்சி உண்டு. தாத்தா அச்சகமோ தீப்பெட்டி ஆபீஸோ நடத்தின காலத்துல வாங்கின பிரீமியர் பத்மினியோ அம்பாசிடரோ, ஷெட்ல தார்ப்பாய் போர்த்தி நிக்கும். பேரப்பிள்ளைங்க சென்னையிலயும் கோயம்புத்தூர்லயும் வேலைக்குப் போயி, கையில கொஞ்சம் காசு சேர்ந்ததும் முதல்ல கண்ணு போறது அந்த ஷெட்டு மேலதான். பெயின்ட், டிங்கரிங், சீட் எல்லாம் முடிஞ்சதும் அடுத்து ஒருத்தர் சொல்வார்: "கார்பரேட்டர் எல்லாம் தொல்லை தம்பி, எஃப்ஐ போட்டுடு."

எங்க ஆபீஸ்ல ரிட்டர்ன் ஃபைல் பண்ற ஒரு தம்பி அப்படித்தான் பண்ணினார். சிவகாசிக்காரர், கோயம்புத்தூர்ல வேலை, கைக்கு வர்ற சம்பளம் 52,000. (அவர்கிட்ட கேட்டுட்டுத்தான் எழுதறேன். பேர் மட்டும் வேண்டாம்னார்.) பத்மினிக்கு ஈசியு, த்ராட்டில் பாடி, இன்ஜெக்டர், பம்ப், கூலி எல்லாம் சேர்த்து 85,000 ஆச்சு. முதல் ஒரு மாசம் சொர்க்கம். அப்புறம் ஐட்லிங் ஏறி இறங்க ஆரம்பிச்சது, சிக்னல்ல ஆஃப் ஆச்சு, சூட்டோட நிறுத்திட்டு திரும்ப எடுத்தா செல்ஃப் அடிச்சுக்கிட்டே இருக்கணும். பிளக்கைக் கழட்டினா கரி. மைலேஜ் கார்பரேட்டர் காலத்தைவிட மோசம்.

வேலை பார்த்த இடத்துல பம்ப் மாத்தினாங்க, 7,500. சரியாகலை. இன்ஜெக்டர் மாத்தினாங்க, 9,000. அப்பவும் சரியாகலை. கடைசியா "ஈசியு போயிருச்சு, 38,000 ஆகும்"னு சொன்னப்பதான் எனக்கு போன் வந்தது. "அண்ணே, தீபாவளி போனஸ் வேற செலவுக்கு ஒதுக்கியாச்சு. கார்டுல 12 மாசம் இஎம்ஐ போட்டுக்கலாமா?"

16 சதவீத வட்டின்னு வெச்சா மாசம் சுமார் 3,450 ரூபாய். வட்டி மட்டுமே 3,400-ஐ ஒட்டி வரும். அந்த வட்டிக்கு மேல 18 சதவீத ஜிஎஸ்டி, ப்ராசசிங் ஃபீஸ் தனி. கணக்கு அவ்வளவுதான், சுலபம். ஆனா நான் அவர்கிட்ட திரும்பக் கேட்டது வேற: "ஈசியுதான் போச்சுன்னு யாரு, எதை வெச்சு அளந்து சொன்னாங்க?" பதில் இல்லை. யாரும் எதையும் அளக்கலை.

இந்த கிட் உள்ள என்னதான் பண்ணுது?

கார்பரேட்டர் ஒரு மெக்கானிக்கல் சாமான். எஞ்சின் காற்றை இழுக்கும், அந்த இழுப்புல பெட்ரோல் தானா சேர்ந்து போகும். எஃப்ஐ அப்படி இல்லை. எவ்வளவு காற்று உள்ள போகுதுன்னு ஈசியு கணக்குப் போட்டு, இன்ஜெக்டரை எத்தனை மில்லிசெகண்ட் திறக்கணும்னு முடிவு பண்ணும். வெளியில வாங்கிப் பொருத்தற கிட்கள்ல பெரும்பாலும் காற்றை நேரடியா அளக்கறதில்லை. மேனிஃபோல்ட் உள்ள இருக்கிற அழுத்தம், காற்றோட சூடு, எஞ்சின் சுத்தற வேகம், இந்த மூணையும் வெச்சுத்தான் கணக்கு. 1967-ல் பாஷ் கம்பெனி ஃபோக்ஸ்வேகன் 1600 காருக்குக் கொடுத்த டி-ஜெட்ரானிக் சிஸ்டமும் இதே வழிதான். அந்த 'டி' ஜெர்மன்ல அழுத்தத்தைக் குறிக்கிற சொல்லோட முதல் எழுத்து. இன்னைக்கு வர்ற ஹோலி ஸ்னைப்பர் மாதிரி ரெடிமேட் கிட் ஆகட்டும், மெகாஸ்குவர்ட், ஸ்பீடுயினோ மாதிரி நாமளே செட் பண்ணிக்கிற ஈசியு ஆகட்டும், அடிப்படை மாறலை.

கம்பெனியிலயே எஃப்ஐயோட வந்த கார்ல சென்சார், வயரிங், பெட்ரோல் டேங்க் எல்லாம் ஒரே குடும்பம். நம்ம பத்மினியில அப்படி இல்லை. 1089 சிசி எஞ்சின் ஒரு காலம், வயரிங் ஒரு காலம், த்ராட்டில் பாடி வேற கார்ல கழட்டினது, ஈசியு இன்னொரு ஊர்ல இருந்து கூரியர்ல வந்தது. அதனால கோளாறு வர்றது பெரும்பாலும் அந்தப் பெட்டிக்குள்ள இல்லை. பெட்டியும் பழைய காரும் சேர்ற இடத்துலதான். ஆனா பில் போடறப்ப பெட்டிதான் முதல்ல ஞாபகம் வருது, ஏன்னா விலை அதிகமான சாமான் அதுதான்.

ஓப்பனிங் பேலன்ஸை முதல்ல பாருங்க

ஆடிட்ல ட்ரையல் பேலன்ஸ் ஒத்து வரலைன்னா நாங்க நேரா பெரிய வவுச்சரைத் தேடிப் போக மாட்டோம். போன வருஷத்து க்ளோசிங்கும் இந்த வருஷத்து ஓப்பனிங்கும் ஒண்ணா இருக்கான்னு பார்ப்போம். எஃப்ஐக்கும் அதே மாதிரி ஒரு சோதனை இருக்கு. காசே ஆகாது, ரெண்டு நிமிஷ வேலை.

ராத்திரி முழுக்க நின்ன வண்டி. காலையில சாவியை ஆன் மட்டும் பண்ணுங்க, ஸ்டார்ட் பண்ணாதீங்க. கிட்டோட டிஸ்ப்ளேயிலயோ லேப்டாப்லயோ சென்சார் ரீடிங்கைப் பாருங்க. கூலன்ட் சூடும் உள்ள வர்ற காற்றோட சூடும் அந்தக் காலை வெயிலுக்கு ஒத்து, கிட்டத்தட்ட ஒரே அளவுல இருக்கணும். ஒண்ணு 29 டிகிரி, இன்னொண்ணு மைனஸ் 40-ன்னு காட்டினா அந்த சென்சார் வயர் எங்கயோ அறுந்திருக்கு. ஈசியு 'ஊட்டியைவிடக் குளிரு'ன்னு நினைச்சு பெட்ரோலைக் கொட்டும். மேனிஃபோல்ட் அழுத்தம் நம்ம ஊர் உயரத்துக்கு 100 கிலோபாஸ்கல் பக்கத்துல இருக்கணும். ஆக்சிலேட்டரை மிதிக்காதப்ப த்ராட்டில் பூஜ்யம், முழுசா மிதிச்சா 100-ஐ ஒட்டி. பேட்டரி 12.5 வோல்ட் அளவுல.

இப்ப ஸ்டார்ட் பண்ணி, ஐட்லிங்ல விட்டு, ஹெட்லைட்டையும் ரேடியேட்டர் ஃபேனையும் போடுங்க. கூலன்ட் ரீடிங் டக்குனு சில டிகிரி குதிக்குதா? ஒரு எஞ்சினோட சூடு ஒரு செகண்ட்ல குதிக்காது. குதிக்கிறது எர்த். எஞ்சினுக்கும் பாடிக்கும் நடுவுல இருக்கிற எர்த் பட்டை துருப்பிடிச்சு, கரன்ட் திரும்பிப் போக வழியில்லாம சென்சார் வயர் வழியா போகப் பார்க்குது.

நம்ம தம்பி வண்டியில இது பளிச்சுனு தெரிஞ்சது. மல்டிமீட்டரை எஞ்சின் பிளாக்ல ஒரு முனை, பேட்டரி நெகட்டிவ்ல ஒரு முனை வெச்சு செல்ஃப் அடிச்சா 0.9 வோல்ட். நல்ல எர்த்னா இதுல அரை வோல்ட்கூட தாண்டக்கூடாது. வண்டி ஓடிக்கிட்டிருக்கிறப்ப 0.1, 0.2-க்கு மேல போகக்கூடாது. கடையில ஐநூறு, அறுநூறு ரூபாய்க்குக் கிடைக்கிற மீட்டர் போதும் இதுக்கு.

இன்னொண்ணு, டைனமோ. பழைய கார் பலதுல ஆல்டர்னேட்டர் கிடையாது. டைனமோ ஐட்லிங்ல கொடுக்கிற கரன்ட் ஹெட்லைட்டுக்கே திணறும். அதுல பம்ப், இன்ஜெக்டர், ஈசியு எல்லாம் சேர்ந்தா ராத்திரி நேரத்துல சிக்னல்ல ஆஃப் ஆகறது ஆச்சரியமே இல்லை. கிட் வாங்கற பட்ஜெட்ல ஆல்டர்னேட்டர் இல்லைன்னா அந்த பட்ஜெட் முழுமையான பட்ஜெட் இல்லை.

பொய் சொல்ற சாட்சி

இந்தப் பகுதியைக் கொஞ்சம் நிதானமா படிங்க. அதிகமா காசு வீணாகறது இங்கதான்.

சைலன்சர் பைப்புல ஒரு ஆக்சிஜன் சென்சார் இருக்கும். புகையில எவ்வளவு ஆக்சிஜன் மிச்சம் இருக்குன்னு அது ஈசியுக்குச் சொல்லும். ஆக்சிஜன் அதிகம்னா பெட்ரோல் பத்தலைன்னு அர்த்தம், ஈசியு பெட்ரோலைக் கூட்டும். நல்ல ஏற்பாடு. ஆனா சென்சாருக்கு முன்னாடி பைப் ஜாயின்ட்ல சின்னதா ஒரு லீக் இருந்தா, வெளிக்காற்று உள்ள நுழையும். சென்சார் அதையும் சேர்த்து எண்ணும். 'பெட்ரோல் பத்தலை'ன்னு சொல்லும். ஈசியு கூட்டும். சென்சார் மறுபடியும் அதையே சொல்லும். பிளக் கரியாகும், மைலேஜ் விழும், ஐட்லிங் தள்ளாடும்.

பிளக் ஒழுங்கா எரியலைன்னாலும் இதே கதை. மிஸ் ஃபயர் ஆன சிலிண்டர்ல இருந்து எரியாத பெட்ரோலும் வெளிய வரும், எரியாத ஆக்சிஜனும் வரும். சென்சாருக்கு ஆக்சிஜன் மட்டும்தான் தெரியும். ஆக, கோளாறு பாயின்ட்லயோ பிளக் வயர்லயோ இருக்கும், பழி இன்ஜெக்டர் மேல விழும்.

அதனால இன்ஜெக்‌ஷனைத் தொடறதுக்கு முன்னாடி கம்ப்ரஷன், வால்வ் கிளியரன்ஸ், டைமிங், பிளக், கண்டென்சர் எல்லாம் பார்த்து முடிச்சிடணும். பிளக் வயர் உள்ள செம்புக் கம்பி இருக்கிற பழைய ரகம்னா மாத்திடுங்க, ரெசிஸ்டன்ஸ் உள்ள வயர் வேணும். இல்லைன்னா அந்தத் தீப்பொறியோட இரைச்சல் ஈசியு வயர்ல ஏறி, 900-ல ஓடற எஞ்சினை டிஸ்ப்ளே 2,400-ன்னு காட்டும். ஆர்பிஎம் அப்படி குதிச்சா ஈசியு கெட்டுப்போச்சுன்னு அர்த்தமில்லை. காயிலையும் ஈசியு வயரையும் தள்ளி வைங்க.

மேனிஃபோல்ட் பேக்கிங்ல காற்று இழுக்குதான்னும் பார்க்கணும். நிறைய பேர் கார்பரேட்டர் கிளீனரை அடிச்சு, ரேஸ் ஏறுதான்னு கேட்பாங்க. ஓடற சூடான எஞ்சின் மேல எரியற திரவத்தை அடிக்கிறது எந்த ஊருக்குமே நல்லதில்லை, நம்ம ஊருக்கு நிச்சயமா இல்லை. தண்ணி ஸ்ப்ரே பாட்டில் போதும். லீக் இருக்கிற இடத்துல தண்ணி பட்டா எஞ்சின் சத்தம் மாறும். மதுரை மாதிரி ஊர்கள்ல புகை விட்டு லீக் பார்க்கிற மெஷின் வெச்சிருக்காங்க, அது இன்னும் துல்லியம்.

தம்பி வண்டியில ரெண்டாவது கோளாறு இதுதான். சைலன்சர் ஜாயின்ட்ல பேக்கிங் கருகி, சென்சாருக்கு ஒரு ஜாண் முன்னாடி லீக். எர்த் பட்டை, பேக்கிங், ஆட்டோ எலக்ட்ரீஷியனுக்கு அரை நாள் கூலி எல்லாம் சேர்த்து மொத்தம் 2,600. பழைய பம்பும் பழைய இன்ஜெக்டரும் நல்லாத்தான் இருந்திருக்கும்னு இப்ப தோணுது. ஆனா நிரூபிக்க முடியாது, பழைய சாமானைத் திரும்ப வாங்கி வெச்சுக்கலை. நீங்க வாங்கி வைங்க, எந்த ரிப்பேர்லயும்.

சித்திரை வெயிலும் இ20 பெட்ரோலும்

சூட்டோட எடுக்கிறப்ப செல்ஃப் இழுக்கிற பிரச்சினை மட்டும் முழுசா தீரலை. அதுக்குக் காரணம் ஊர். நாற்பது டிகிரி வெயில்ல வண்டியை நிறுத்தினா பானட்டுக்குள்ள சூடு இன்னும் ஏறும். காற்று சென்சார் அந்தச் சூட்டை உள்வாங்கி 65, 70-ன்னு காட்டும். சூடான காற்று லேசானதுன்னு ஈசியு பெட்ரோலைக் குறைக்கும். அதே சமயம் பைப்ல நிக்கிற பெட்ரோலும் ஆவியாகும். சென்சாரை எஞ்சினை விட்டுத் தள்ளி, காற்று உள்ள வர்ற வழியில வெச்சதும் பாதி சரியாச்சு. மீதிக்கு அவர் அஞ்சு செகண்ட் செல்ஃப் அடிச்சு வாழப் பழகிட்டார். அதுக்கு மேல செலவு பண்ண வேண்டாம்னு நானும் சொன்னேன்.

பெட்ரோலும் மாறிடுச்சு. 2025-ல் நாடு முழுக்க 20 சதவீத எத்தனால் கலப்பு இலக்கை எட்டியாச்சு. சுத்தமான பெட்ரோல் ஒரு கிலோ எரிய 14.7 கிலோ காற்று வேணும். இ20-க்கு சுமார் 13.5 கிலோ போதும். அதாவது அதே காற்றுக்கு 8, 9 சதவீதம் கூடுதலா பெட்ரோல் ஊத்தணும். வெளிநாட்டு மேப்போட வந்த கிட், ஆக்சிஜன் சென்சார் சூடாகற வரைக்கும் இதைச் சரிபண்ண முடியாது. குளிர்ந்த எஞ்சின் முதல் ரெண்டு நிமிஷம் இருமினா முதல்ல சந்தேகப்பட வேண்டியது மேப்பை, சாமானை இல்லை.

எத்தனால் தண்ணியை இழுக்கும். மூணு மாசம் ஷெட்ல நின்ன இரும்பு டேங்க்ல துரு உதிரும். கார்பரேட்டர் அதைக் கொஞ்சம் பொறுத்துக்கும், இன்ஜெக்டர் பொறுத்துக்காது. ஃபில்டர் மாத்தறதை ஒரு செலவாவே நினைக்காதீங்க.

பட்டாசு ஊர்ல 3 பார் பெட்ரோல்

கார்பரேட்டர் பம்ப் கொடுக்கிற அழுத்தம் 3 முதல் 5 பிஎஸ்ஐ. எஃப்ஐக்கு வழக்கமா 3 பார், அதாவது 43 பிஎஸ்ஐ, சில கிட்ல அதுக்கும் மேல. பழைய ஹோஸ்ல சின்ன வெடிப்பு இருந்தா கார்பரேட்டர் காலத்துல ஈரமாகும், வாசம் வரும். இப்ப அதே வெடிப்புல பெட்ரோல் பனி மாதிரி பீச்சும், அதுவும் சூடான சைலன்சர் பக்கத்துல. 2012 முதலிப்பட்டி விபத்தை ஞாபகம் வெச்சிருக்கிற ஊர்க்காரங்களுக்குத் தீப்பொறியைப் பத்தி நான் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

ரெண்டு சோதனை மட்டும் இன்னைக்கே பண்ணுங்க. ஒண்ணு, சாவியை ஆன் பண்ணினா பம்ப் ரெண்டு மூணு செகண்ட் 'ம்ம்ம்'னு சத்தம் போட்டுட்டு நிக்கணும். எஞ்சின் சுத்தினாத்தான் திரும்ப ஓடணும். நிக்காம ஓடிக்கிட்டே இருந்தா, பம்பை ஈசியு ரிலே வழியா கொடுக்காம நேரா சாவியில கொடுத்திருக்காங்க. வண்டி எங்கயாவது மோதி எஞ்சின் நின்னாலும் அந்த பம்ப் பெட்ரோலைத் தள்ளிக்கிட்டே இருக்கும். ரெண்டாவது, ஹோஸ் மேல அச்சடிச்சிருக்கிறதைப் படிங்க. 30ஆர்9-ன்னு இருந்தா இன்ஜெக்‌ஷனுக்கான ஹோஸ். 30ஆர்7-ன்னா அது கார்பரேட்டர் ரகம், மாத்தணும். ரப்பரை வெட்டற சாதாரண ஸ்க்ரூ கிளிப்பும் கூடாது.

பிரஷர் கேஜ் வெச்சுப் பார்க்கிறப்ப திறந்த வெளியில, தீயணைப்பு சிலிண்டர் பக்கத்துல வெச்சு, பட்டாசுக் கடை, குடோன் எதுவும் கிட்ட இல்லாத இடத்துல பாருங்க. எஞ்சினை நிறுத்தினதும் பிரஷர் டக்குனு பூஜ்யத்துக்கு விழுந்தா பம்புக்குள்ள இருக்கிற வால்வ், ரெகுலேட்டர், ஒழுகற இன்ஜெக்டர், இந்த மூணுல ஒண்ணு. பம்ப் மாத்தறதுக்கு இது நியாயமான காரணம். 'மாத்திப் பார்ப்போம்'ங்கறது காரணம் இல்லை.

இப்ப என் தொழில் பக்கம் வரேன்

கேரேஜ்ல அடுத்த சாமான் பேரைச் சொன்னா ரெண்டு கேள்வி கேளுங்க. எந்த ரீடிங்கை வெச்சு சொல்றீங்க அண்ணாச்சி? போட்டும் சரியாகலைன்னா திரும்ப எடுத்துக்குவீங்களா? எலக்ட்ரிக் சாமானைப் பொதுவா யாரும் திரும்ப எடுக்க மாட்டாங்க. அதனால கோளாறு கண்டுபிடிக்கிற வேலைக்குத் தனியா கூலி பேசுங்க. நல்ல எலக்ட்ரீஷியனுக்கு 2,000 கொடுக்க நமக்கு மனசு வராது, 38,000 சாமானுக்கு வந்துடும். பில் வாங்குங்க. 2025 செப்டம்பர் 22-ல் இருந்து கார் உதிரிபாகங்களுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம். பில் இல்லாம வாங்கினா மிச்சம்னு தோணும், வாரன்டி கேட்கிறப்பதான் விஷயம் தெரியும்.

'கிளாசிக் கார் ஒரு முதலீடு'ன்னு சொல்றவங்க இருக்காங்க. சொந்த உபயோகக் கார் வருமான வரிச் சட்டத்துல பர்சனல் எஃபெக்ட். லாபத்துக்கு வித்தா வரி கிடையாது, நஷ்டத்துக்கு வித்தா அதைக் கழிச்சுக்கவும் முடியாது. 2021-ல் வந்த விதிப்படி 50 வருஷம் தாண்டின காரை வின்டேஜ்னு பதிவு பண்ணலாம், கட்டணம் 20,000. ஆனா சேஸி, பாடி, எஞ்சின்ல பெரிய மாற்றம் இல்லாம அசல் நிலையில இருக்கணும். அந்த எண்ணம் இருந்தா, கழட்டின கார்பரேட்டரையும் பழைய மேனிஃபோல்டையும் எண்ணெய் தடவி பத்திரமா வைங்க. எடைக்குப் போட்டுடாதீங்க.

மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 182ஏ, அனுமதி இல்லாத மாற்றத்துக்கு, உதிரிபாகம் பொருத்தறதையும் சேர்த்து, மாற்றம் ஒண்ணுக்கு 5,000 ரூபாய் அபராதம் அல்லது 6 மாசம் வரை சிறைன்னு சொல்லுது. ரெண்டும் சேர்ந்தும் வரலாம். பதினஞ்சு வருஷம் தாண்டின காருக்கு அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவை ஆர்சி புதுப்பிக்கப் போகணும், அங்க பானட்டைத் திறப்பாங்க. கிட் போடறதுக்கு முன்னாடியே ஆர்டிஓ ஆபீஸ்ல எழுத்துல கேட்டுடுங்க.

இன்சூரன்ஸ். பழைய கார் வெச்சிருக்கிற பலர் தேர்ட் பார்ட்டி மட்டும்தான் எடுக்கறாங்க. அதுல உங்க கார் எரிஞ்சா ஒரு பைசா வராது. அடுத்தவங்க சொத்துக்கு ஆகற சேதத்துக்கும் வழக்கமா 7.5 லட்சம் வரைக்கும்தான். சொந்த சேதத்துக்கும் கவர் எடுக்கிறதா இருந்தா, அஞ்சு வருஷம் தாண்டின காருக்கு ஐடிவி என்னங்கறதை நீங்களும் கம்பெனியும் பேசித்தான் முடிவு பண்ணணும். அந்தப் பேச்சுலயே எஃப்ஐ கிட் போட்டிருக்கறதைச் சொல்லி, பில்லையும் போட்டோவையும் மெயில்ல அனுப்பி, பாலிசியில குறிச்சுக் கொடுக்கச் சொல்லுங்க. போன்ல சொன்னது க்ளெய்ம் நேரத்துல கணக்குல வராது. நம்ம தம்பி மெயில் போட்டுட்டார். பிரீமியம் கொஞ்சம் கூடிச்சு, 30ஆர்9 ஹோஸுக்கும் நல்ல கிளிப்புக்கும் இன்னொரு 1,800 ஆச்சு. ஈசியு பழையதுதான், ஓடிக்கிட்டிருக்கு.